டிராக்டருக்கு நீங்களே ஆயில் மாற்றலாம்... தரையில் சிந்தாமல், கிணற்றைக் கெடுக்காமல்!

மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமாகச் சொல்லும் தேதி ஜூன் 12. அதற்கு முன்பே டெல்டா பகுதியில் டிராக்டர்களைத் தயார் செய்யும் வேலை தொடங்கிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் அப்போது மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்புதான். ஆயில் மாற்றுவதை மட்டும் தள்ளிப்போட்டுவிட்டு, பழைய ஆயிலோடு சேற்றுழவுக்கு இறங்கிவிடுபவர்கள் உண்டு. ஆனால் இன்ஜின் ஆயில் மாற்றுவது ஒன்றரை மணி நேர வேலை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த விவசாயியும் வீட்டிலேயே செய்யலாம்.

தயக்கம் வேலையைப் பற்றியது அல்ல. கை, வேட்டி, களம் எல்லாம் கறுப்பாகிவிடும், அதைக் கழுவ அரை நாள் ஆகும் என்பதுதான் பலரின் கவலை. கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று வண்டியைக் கிணற்றடிக்கோ போர்வெல் பக்கத்துக்கோ கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஆயில் மாற்ற அதைவிட மோசமான இடம் கிடையாது. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் கழிவு ஆயில் 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மூன்று சிலிண்டர் டிராக்டரில் இருந்து இறங்குவது 6 முதல் 8 லிட்டர். அதில் கால் பங்கு தரையில் சிந்தி ஊறினாலும், நீங்களும் மாடும் குடிக்கும் தண்ணீருக்குத்தான் கேடு.

முதலில் ஒரு எச்சரிக்கை. வண்டி வாரன்டியில் இருந்தால் நீங்களாக ஆயில் மாற்ற வேண்டாம். கம்பெனி சர்வீஸில் செய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி முடிந்த வண்டிக்குத்தான் இந்தக் கட்டுரை.

எப்போது, எந்த ஆயில்?

பல டிராக்டர்களுக்கு 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்கிறார்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் இந்த இடைவெளி அதிகம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அத்தனை மணி நேரம் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கிரேடும் அப்படித்தான். 15டபிள்யூ-40 என்று புத்தகம் சொன்னால் அதையே கேட்டு வாங்குங்கள். டப்பாவில் டீசல் இன்ஜினுக்கு உரியது என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் 'இதுவும் அதேதான்' என்று எடுத்துக் கொடுப்பதை நம்பி வாங்காதீர்கள்.

பிடிக்கும் பாத்திரத்தில் பாதி வேலை

எண்ணெய் சிந்துவதற்குப் பெரும்பாலும் காரணம் பாத்திரம்தான். சிமென்ட் சட்டியில் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டி நிறைய ஆயிலை இரண்டு பேர் தூக்கி, அதை கேனில் ஊற்றும்போது பாதி வெளியே போகும். அதற்குப் பதிலாகத் தட்டையான பக்கம் உள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் படுக்கப் போட்டு, மேலே வரும் அகலமான பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். நான்கு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்கு ஓரம் விட வேண்டும். மூடியை இறுக்கமாகப் பூட்டிவிடுங்கள். ஆயில் ஜன்னல் வழியாக உள்ளே விழும். முடிந்ததும் கேனை இழுத்து, அதன் மூடியைத் திறந்து, அதன் வாய் வழியாகவே வேறொரு கேனுக்கு ஊற்றலாம். விட்ட ஓரம் தளும்பலைத் தடுத்துவிடும்.

ஜன்னலின் மேல் ஒரு துண்டு கம்பி வலையைப் போட்டு வையுங்கள். டிரெயின் நட் கை நழுவி விழுந்தால் வலையில் நிற்கும். கறுப்பு ஆயிலுக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்காது. களைக்கொல்லி, பூச்சிமருந்து இருந்த கேனை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். மருந்து கலந்த ஆயிலை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

கிணறு, வாய்க்கால், மாட்டுத்தொழுவம் மூன்றிலிருந்தும் தள்ளி, சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். நெல் காயவைக்கும் களம் வேண்டாம். பழைய தார்ப்பாயை விரித்து, அதன்மேல் உமியையோ மரத்தூளையோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினால் சொட்டுவதை அது உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் மாட்டியுள்ள கலப்பையையோ ரோட்டவேட்டரையோ தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அடியில் இருக்கும்போது பையன் விளையாட்டாக ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது.

கழற்றும் முறை

குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். அழுக்கை அடியிலேயே விட்டுவிட்டு மெதுவாக இறங்கும். நாள் முழுக்க உழுதுவிட்டு வந்த உடனே கழற்றினால் கை வெந்துவிடும். எனவே இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவு ஆயிலில் உள்ள சில பொருட்கள் நெடுநாள் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியவை. கையில் பட்ட ஆயிலை டீசலால் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சோப்பு போதும்.

டிரெயின் நட்டைச் சுற்றியுள்ள சேற்றை முதலில் சுரண்டித் துடையுங்கள். கேஜ் வீல் போட்டு உழுத வண்டியில் நட் இருக்கும் இடமே தெரியாது. ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்தினால் நட்டின் முனை மழுங்காது. கீழேயிருந்து நட்டைப் பார்த்தபடி இடப்பக்கம் சுற்றினால் கழலும். ஸ்பேனரால் இளக்கிய பிறகு, விரலால் நட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். அப்படி அழுத்தியிருக்கும்வரை பெரிதாக ஒழுகாது. மரை முழுவதும் விட்டது தெரிந்ததும் வெடுக்கென்று பக்கவாட்டில் எடுத்துவிடுங்கள். முதல் வேகத்தில் ஆயில் சற்றுத் தள்ளிப் பாயும், பிறகு நேராக விழும். கேனை அதற்கேற்ப நகர்த்துங்கள். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டால் ஒரே சீராக இறங்கும். இருபது நிமிடம் சொட்ட விடுங்கள்.

அந்த நேரத்தில் இறங்கிய ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயிலே சில மணி நேரத்தில் கறுத்துவிடும், கரியைத் தன்னோடு எடுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால்தான் கவலை. ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிகிறது என்று அர்த்தம். டீசல் வாடை தூக்கலாக இருந்து, ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறியிருந்தால் டீசல் உள்ளே இறங்குகிறது. நட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இரும்புச் சில்லுகள் ஒட்டியிருந்தாலும் சரி, இந்த மூன்றில் எதுவானாலும் புது ஆயில் ஊற்றிவிட்டால் சரியாகிவிடாது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வெறும் ஆயில் மாற்றத்துக்கு அவரைத் தேடாதவர்கள்கூட இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஃபில்டரைக் கழற்றும்போதுதான் முழங்கை வரை ஆயில் வழியும். அதற்கு எளிய வழி, பெரிய பாலித்தீன் பையை ஃபில்டரின் மேல் மாட்டி, பையோடு சேர்த்துப் பிடித்துச் சுற்றுவது. ஒழுகுவதெல்லாம் பைக்குள் போகும், ஃபில்டரும் அதற்குள்ளேயே விழும். இறுகிப்போயிருந்தால் பெல்ட் ரெஞ்ச் போடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை அடித்துக் குத்தித் திருப்பும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தகடு கிழிந்து ஃபில்டர் அங்கேயே மாட்டிக்கொண்டால் அன்றைய பொழுது போச்சு.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதனோடே வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். சில சமயம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில் ஊற்றிய ஆயில் முழுக்க வெளியே பீய்ச்சிவிடும். புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பழைய வண்டிகளில் கிண்ணத்துக்குள் பேப்பர் ஃபில்டர் வைக்கும் அமைப்பு இருக்கும். அதில் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

டிரெயின் நட்டுக்குப் புது செம்பு வாஷர் போட்டு, முதல் சில மரைகளை விரலாலேயே ஏற்றுங்கள். வலுவாக இருக்கட்டும் என்று குழாய் மாட்டி இறுக்குபவர்கள் மரையைக் கெடுத்துவிட்டு சம்ப்பையே கழற்ற வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

ஊற்றும்போது கேனின் வாய் மேல்பக்கமாக இருக்கும்படி பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். காற்று தடையில்லாமல் உள்ளே போகும், 'குபுக் குபுக்' என்று தெறிக்காது. புத்தகத்தில் உள்ள அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். இரண்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்து மட்டத்தையும் கசிவையும் மறுபடி பாருங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம், அதிக ஆயில் நுரைத்துக்கொண்டு சீல்களைப் பாழாக்கும். தேதியையும் ஹவர் மீட்டர் எண்ணையும் ஃபில்டரின் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள்.

கறுப்பு ஆயிலை என்ன செய்வது?

நம் ஊர்களில் இதற்கு ஆயிரம் உபயோகம் சொல்வார்கள். வேலிக் கம்பத்துக்குக் கரையான் மருந்து, வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி, மாட்டு உண்ணிக்குத் தைலம். எதுவும் வேண்டாம். மாடு தன் உடம்பை நக்கும், தடவியது வயிற்றுக்குள் போகும். வரப்பில் ஊற்றியது அடுத்த மழையில் வயலுக்குள் இறங்கும். அடுப்பில் எரித்தால் அந்தப் புகையை வீட்டில் உள்ளவர்கள்தான் சுவாசிக்க வேண்டும்.

2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சுத்திகரித்தால் மறுபடி ஆயிலாகும் பொருள் இது. எனவே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே 'கழிவு ஆயில்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தண்ணீர், பெட்ரோல், டீசல் எதையும் அதில் கலக்காதீர்கள். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது ஆயில் வாங்கிய கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகிறதா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். நான்கைந்து வீட்டு ஆயிலைச் சேர்த்து எடுத்துப் போனால் பெட்ரோல் செலவும் மிச்சம். ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்து வடிந்த பிறகு அதையும், ஊறிய உமியையும் தனிச் சாக்கில் கட்டி அங்கேயே ஒப்படைக்கக் கேளுங்கள். எருக்குழியில் கொட்ட வேண்டாம்.

காருக்கும் இதே முறைதான். ஆனால் அடியில் இடம் குறைவு என்பதால் 20 லிட்டர் கேன் நுழையாது, இன்னும் தட்டையான 10 லிட்டர் கேனை வெட்டிக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காரின் அடியில் படுக்காதீர்கள். கிணற்று மேட்டிலேயே பொருத்தியிருக்கும் டீசல் இன்ஜின் பம்ப்செட்டைத்தான் வேறு இடத்துக்கு நகர்த்த முடியாது. அதற்கு ஆயில் மாற்றும் நாளில் கிணற்றுப் பக்கம் மண்ணால் ஒரு சிறு கரை அணைத்து, இன்ஜினைச் சுற்றித் தார்ப்பாயும் உமியும் இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.