தேனீ வீட்டுச் சுவரில் ஒரு மருந்து

மரப்பொந்தில் குடியிருக்கும் ஐரோப்பியத் தேனீக்கள் தேனையும் மகரந்தத்தையும் மட்டும் சேகரிப்பதில்லை. மொட்டுகளிலும் பட்டைகளிலும் கசியும் பிசினைப் பின்னங்கால்களில் சுமந்து வந்து, பொந்தின் சொரசொரப்பான உட்சுவரில் பூசுகின்றன. கிருமிகளை அடக்கும் பூச்சு அது.

நாம் கொடுக்கும் பெட்டிகளின் பலகையோ இழைத்து வழவழப்பாக்கியது. அதில் தேனீ விரிசல்களை மட்டும் அடைக்கும், சுவரைப் பூசுவதில்லை. அடைத்த பிசினையும், கையில் ஒட்டுகிறது என்று வளர்ப்பவர்கள் சுரண்டிவிடுகிறார்கள்!

இதனால் என்ன நட்டம்? அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்லா ஸ்பிவாக் குழுவினர் பெட்டிகளின் உட்புறத்தில் பிசின் சாறு பூசிப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு இது: அந்தப் பெட்டிகளில் வளர்ந்த இளம் தேனீக்களின் உடலில் பாக்டீரியா குறைவு, நோயெதிர்ப்பு மரபணுக்களின் பரபரப்பும் குறைவு. பரபரப்பு குறைந்தால் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். கிருமியோடு ஓயாமல் போராடுவது தேனீயின் சக்தியைத் தின்னும். சுவரே காவல் காத்தால் அந்தச் சக்தி மிச்சம். நம்மைப் போல் எதிர்ப்பொருள்களை உருவாக்க முடியாத பூச்சிக்கு இது பெரிய துணை.

சுவர்ப் பூச்சைப் போலவே கூட்டின் கதகதப்பும் நோயைத் தடுக்கும். புழுக்கள் வளரும் இடம் சுமார் 35 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர்ந்தால் சுண்ணாம்புப் புழு நோய் என்னும் பூஞ்சை நோய் எளிதில் பற்றும்.

ஐரோப்பியத் தேனீ வளர்க்கும் நேயர்களே, அடுத்த பெட்டி செய்யும்போது உட்பலகையை இழைக்காமல் சொரசொரப்பாகவே விடுங்கள். பூச்சு வேலையைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும்.