கூரைக்குள் வீங்கும் இரும்பு

கழிவறைக்குள் நுழையும்போது அண்ணாந்து பார்க்கும் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? தரை வழுக்குகிறதா, குழாய் சொட்டுகிறதா என்றுதான் கண் போகும். ஆனால் பழைய அடுக்குமாடி வீடுகளில் கவனிக்க வேண்டிய இடம் தலைக்கு மேலே இருக்கிறது. வெள்ளைச் சாயத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல், அதை ஒட்டி லேசான புடைப்பு, சில நேரம் கோப்பிக் கறை போன்ற பழுப்பு நிறம். இவற்றைப் பார்த்தும் பாராமல் விட்டால், ஒரு நாள் தட்டு அகலத்துக்குச் சிமெண்டுக் கட்டி பெயர்ந்து விழும். கீழே குழந்தையோ வயதானவரோ குளித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விழுந்த இடத்தில் துருவேறிய கம்பி எட்டிப் பார்க்கும்.

இப்படி நேர்ந்ததும் பெரும்பாலோர் முதலில் குறை சொல்வது மேல்மாடிக்காரரை. "அவர் வீட்டுத் தண்ணீர்தான் கசிகிறது" என்று வாசலில் போய் நிற்பவர்களும் உண்டு. கசிவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கசிவே இல்லாத வீட்டிலும் கூரை பெயர்கிறது. அங்கே வேலை செய்வது, நாம் மூச்சாக வெளியே விடும் அதே கரியமில வாயு. அது எப்படி என்பதை அறிய, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரும்பு மண்ணிலிருந்து தாதுவாகத்தான் கிடைக்கிறது. தாதுவில் அது ஆக்சிஜனோடு சேர்ந்தே இருக்கும். உலையில் கடும் வெப்பம் கொடுத்து இரண்டையும் பிரிக்கிறோம். பிரிந்த இரும்பு, வாய்ப்புக் கிடைத்தால் மீண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்ளும். அந்த வாய்ப்பைத் தருவது ஈரம். பள்ளியில் செய்த ஆணிச் சோதனை பலருக்கு நினைவிருக்கும்: கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஆணியைப் போட்டு, மேலே எண்ணெய் ஊற்றி வைத்தால் துருப்பிடிக்காது. நீர் இருக்கிறது, காற்று இல்லை. உலர்ந்த காற்றில் வைத்த ஆணிக்கும் அப்படியே.

ஈரம் பட்ட இரும்பின் மேல் நடப்பது சிறிய பேட்டரியில் நடப்பதைப் போன்றது. ஓர் இடத்தில் இரும்பு தன் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் இரும்பின் வழியே ஓடி, வேறோர் இடத்தில் நீருக்கும் ஆக்சிஜனுக்கும் போய்ச் சேர்கின்றன. நீரில் உப்பு கலந்திருந்தால் இந்த மின்னோட்டம் இன்னும் எளிதாகும். கடற்கரையோரம் நிறுத்திய சைக்கிள் சீக்கிரம் கெடுவது இதனால்தான். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். துருவுக்கு இதைவிட வசதியான ஊர் வேண்டுமா?

அப்படியானால் கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி கட்டிய மறு வருடமே துருப்பிடித்திருக்க வேண்டுமே! அதுதான் இல்லை. சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. புதிய கான்கிரீட்டின் பிஎச் அளவு 12.5க்கும் மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகி, கம்பியைக் காக்கிறது. ஈரம் வந்தாலும் காற்று வந்தாலும் அந்தப் படலம் இருக்கும்வரை கவலையில்லை.

இங்கேதான் கரியமில வாயு வருகிறது. கான்கிரீட் பார்வைக்குக் கல்லாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய துளைகள் ஏராளம். அவற்றின் வழியே கரியமில வாயு மெல்ல நுழைந்து, சிமெண்டிலுள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து, அதன் காரத்தைக் குறைக்கிறது. பிஎச் அளவு 9 வாக்கில் இறங்கும்போது அந்தப் படலம் நிலைக்காது. கம்பி காவலை இழந்து நிற்கும்.

இது மிக மெதுவாக நடக்கும் காரியம். உள்ளே போகப் போக வேகமும் குறையும். பொதுவாக, முதல் 10 மில்லிமீட்டரைக் கடக்க 10 ஆண்டு ஆனால், 20 மில்லிமீட்டரைக் கடக்க மொத்தம் 40 ஆண்டு ஆகும். ஆகவே கம்பிக்குக் கீழே எவ்வளவு தடிப்பில் கான்கிரீட் இருக்கிறது என்பது பெரிய விஷயம். ஒரே கூரையில் ஒரு மூலை பெயர்ந்து, மற்ற இடம் நன்றாக இருப்பதற்கு இதுவும் காரணம். பொறியாளர்கள் இதைக் கண்டுபிடிக்கும் முறை சுவையானது. உடைத்த பகுதியில் பினால்ப்தலீன் என்ற திரவத்தைத் தெளிப்பார்கள். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். மாறாத இடத்தில் காவல் போய்விட்டது என்று பொருள்.

காவல் போன பிறகும் துருவுக்கு ஈரம் வேண்டும். கழிவறையும் சமையலறையும் அதைத் தாராளமாகக் கொடுக்கின்றன. நனைவதும் காய்வதுமாக இருக்கும் கூரைதான் மோசம். காய்ந்திருக்கும்போது வாயு நுழைகிறது, நனைந்திருக்கும்போது கம்பி அரிக்கிறது.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தைப் பிடிக்கும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குவதில் மன்னன். இழுவிசைக்கு மட்டும் அது ஈடுகொடுக்காது. உள்ளிருந்து துரு வீங்கித் தள்ளும்போது முதலில் விரிசல், பிறகு புடைப்பு, கடைசியில் பெயர்ச்சி.

இவ்வளவு தெரிந்தபின், விரிசல்மேல் சிமெண்டைப் பூசிச் சாயம் அடிப்பது ஏன் வீண் வேலை என்பது விளங்கும். பூச்சு நோயை மறைக்கிறது, உள்ளே கம்பி தொடர்ந்து வீங்குகிறது. அடுத்த முறை விழும் கட்டி முன்னதைவிடக் கனமாக இருக்கும். சரியான முறையில், தட்டிப் பார்த்து வெற்றொலி எழும் இடமெல்லாம் உடைத்தெடுக்கப்படும். கம்பியின் பின்புறம்வரை குடைந்து, சுற்றிலும் துரு சுரண்டப்படும். அதன்பின் துருத்தடுப்புப் பூச்சு. கம்பி மிகவும் மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்ப்பதும் உண்டு. பிறகே பழுதுபார்ப்புக்கென்று உள்ள சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். குத்தகையாளர் கம்பியைச் சுத்தம் செய்யாமலேயே கலவையைக் குழைக்கத் தொடங்கினால், வீட்டுக்காரர் தயங்காமல் நிறுத்தச் சொல்லலாம்.

செலவு யாருடையது? வீட்டுக்குள் பெயரும் காரையைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்பதே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நிலை. 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்ந்த காரையைப் பழுதுபார்ப்பது அத்தியாவசியப் பணிகளுள் ஒன்று. சிங்கப்பூரர்களுக்கு அந்தப் பணிகளின் முழுச் செலவையும் அரசாங்கம் ஏற்கிறது. முதலில் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு இருந்த இத்திட்டம், 2018இல் 1997 வரை கட்டப்பட்டவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. புளோக்கில் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஏற்க வேண்டும். ஆனால் திட்டம் வரும்வரை கூரை காத்திருக்காது. புடைப்பைக் கண்டதும் கழகத்தின் கிளை அலுவலகத்தில் தெரிவித்து, என்ன உதவி கிடைக்கும் என்று கேட்பது நல்லது.

வராமல் தடுக்க வழியுண்டா? உலோகங்களைக் காக்கும் உத்திகள் பல. கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். இரும்பைவிட எளிதில் கரையும் துத்தநாகம் தன்னைப் பலிகொடுத்துக் கப்பலைக் காக்கும். தகரக் கூரைக்குத் துத்தநாக முலாம் பூசுவதும் இதற்காகவே. கீறல் விழுந்தாலும் அருகிலுள்ள துத்தநாகம் முதலில் அரிபடும். எவர்சில்வரில் கலந்துள்ள குரோமியம், கீறலைத் தானே மூடிக்கொள்ளும் படலத்தைத் தருகிறது. கட்டி முடித்துப் பல்லாண்டான வீட்டுக் கூரைக்கு இவையெல்லாம் எட்டாதவை. அங்கே கைகொடுப்பது சாதாரணச் சாயம்தான். அது ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஓரளவு தடுக்கிறது. வரவேற்பறைக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சாயம் அடிப்பவர்கள், கழிவறைக் கூரையை மட்டும் "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். குளித்தபின் சன்னலைத் திறந்துவைப்பதும் பயன் தரும்.

அழகுக்காகப் பொய்க்கூரை போட்டவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மேலே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெயர்ந்த கட்டி பலகைமேல் தங்கி, பாரம் ஏறியபின் பலகையோடு சேர்ந்து இறங்கலாம். பலகையில் ஓர் ஆள் தலை நுழையும் அளவுக்குத் திறப்பு வைத்து, ஆண்டுக்கொரு முறை கைவிளக்கு அடித்துப் பார்த்தால் போதும்.