வீடியோ ஓடுகிறது, விசாரிக்க ஆள் இல்லை

புதன்கிழமை இரவு பதினொன்றரை மணி. பொறியியல் கல்லூரி விடுதிகள் பலவற்றில் அந்த நேரத்தில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் திட்டத்தின் பாடங்களில் பலவற்றுக்கு அந்த வார அசைன்மென்ட்டின் கெடு 11.59 மணி. வாட்ஸ்அப் குரூப்பில் '1-ஏ, 2-சி, 3-பி' என்று விடைகள் வந்து விழ, வீடியோ பக்கமே எட்டிப் பார்க்காதவரும் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் படுக்கப் போகிறார். மொத்தம் 100 மதிப்பெண்ணில் 25 இந்த அசைன்மென்ட்களுக்கு. 12 வாரப் பாடமென்றால் நன்றாகச் செய்த எட்டு வாரங்கள் மட்டும் கணக்கில் வரும். மீதி 75, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. அங்கே எந்த குரூப்பும் கைகொடுக்காது.

இதைக் காப்பி என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அந்தப் பாடத்தில் அந்த மாணவருக்கு வாய்த்த ஒரே கூட்டாளி அந்த குரூப்தான். நான்காவது வாரம் ஒரு கணக்கு புரியாமல் வீடியோவை நிறுத்தியவரை 'என்னப்பா, ஆளையே காணோம்?' என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

காணாமல் போகிறவர்களின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமல்ல. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய இலவச ஆன்லைன் பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலும் பாதிக்கும் கீழேதான் தேறினார்கள்.

இதற்கெல்லாம் உடனே சொல்லப்படும் வைத்தியம், வீடியோவை மெருகேற்றுவது. நல்ல கேமரா, பளிச்சென்ற ஸ்லைடு, ஆறு நிமிடத் துண்டுகள். செய்யட்டும், தப்பில்லை. ஆனால் நோய் அங்கே இல்லை.

போட்ஸ்வானாவில் 2020 ஊரடங்கின்போது பள்ளிகள் மூடிக் கிடந்தன. சுமார் 4,500 குடும்பங்களை வைத்து அங்கே ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளுக்கு வாரந்தோறும் எளிய கணக்குகள் எஸ்எம்எஸ்ஸில் போயின. வேறு சில வீடுகளுக்கு அதே எஸ்எம்எஸ்ஸோடு ஓர் ஆசிரியரின் போன் அழைப்பும் போனது. 15, 20 நிமிடம் பேசுவார், குழந்தையோடு சேர்ந்து கணக்கைப் போட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். போன் வந்த வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். வெறும் எஸ்எம்எஸ் போன வீடுகளில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. இணையம்கூடத் தேவைப்படவில்லை. பட்டன் போனும், வாரம் தவறாமல் கூப்பிட ஒரு மனிதரும் போதுமாக இருந்தது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, பிபிசியில் வந்த பாட நிகழ்ச்சிகள்தான் ஊரெல்லாம் பேசப்பட்டன. மாணவர்களைப் பிடித்து வைத்ததோ, தபாலில் வந்த விடைத்தாளைத் திருத்தி, ஓரத்தில் பக்குவமாகக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிய ட்யூட்டர்கள். நம் ஊர் அஞ்சல்வழிக் கல்வியிலும் வார இறுதித் தொடர்பு வகுப்புக்கு பஸ் பிடித்துப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாடத்தைவிட, டீக்கடையில் கிடைத்த சக மாணவர்தான் பல நேரம் பரீட்சை வரை கூட வந்தார்.

சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் படிப்பு இதைப் புரிந்துகொண்டு ஏற்பாடு செய்திருக்கிறது. 2020-ல் தொடங்கிய இந்தப் படிப்பில் மாணவர்களை 'ஹவுஸ்'களாகப் பிரிக்கிறார்கள். பிச்சாவரம், நீலகிரி, காசிரங்கா, சுந்தரவனம் என்று எல்லாமே காட்டுப் பெயர்கள். சென்னை வளாகத்தில் 'பாரடாக்ஸ்' என்றொரு விழாவும் நடக்கிறது. அதுவரை திரையில் சின்ன வட்டத்துக்குள் பார்த்த முகத்தை அங்கே கேன்டீன் வரிசையில் பார்க்கலாம்.

தனியாகப் படிப்பதையே விரும்பி வருபவர்களும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு, யாரும் தொந்தரவு செய்யாத பாடம்தான் வசதி என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

கவலை வேறு இடத்தில். விசாரிக்கும் வேலையையும் இப்போது இயந்திரத்திடம் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 2016-லேயே ஓர் ஆன்லைன் வகுப்பில் 'ஜில் வாட்சன்' என்ற பெயரில் ஒரு மென்பொருள் உதவி ஆசிரியராக உட்கார்ந்து பதில் சொன்னது. அது மனிதரல்ல என்பது செமஸ்டர் முடிவில்தான் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. இன்றைய சாட்பாட்கள் அதைவிடப் பல மடங்கு கெட்டி. நள்ளிரவில் கேட்டாலும் சலிக்காமல் பதில் வரும். சரி, கேட்கிறவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்காதவருக்கு? நான்காவது வாரம் நின்றுபோனவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, அதுதானே பிரச்சினையே! அவருக்குத் தானாகப் போகும் 'வி மிஸ் யூ' மெயில், ஷாப்பிங் ஆப்பின் தள்ளுபடி அறிவிப்புகளுக்கு நடுவே திறக்கப்படாமல் கிடக்கும். அது எல்லோருக்கும் போகிற மெயில் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இத்தனைக்கும், புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. என்பிடெல் பாடங்களுக்குக் கல்லூரிகளில் மென்ட்டர் என்று ஓர் ஆசிரியர் ஏற்கெனவே இருக்கிறார். ஆனால் பல இடங்களில் அது வழக்கமான வகுப்பு, லேப், விடைத்தாள் திருத்தம் எல்லாவற்றுக்கும் மேல் சேர்ந்த இன்னொரு பொறுப்பு. பதிவு செய்தவர்களின் பட்டியலை வாங்கி வைப்பதற்கும், தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதியை ஞாபகப்படுத்துவதற்குமே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது. வாரத்தில் ஒரு பீரியடை இதற்கென்று டைம்டேபிளில் ஒதுக்கி, அதை அவருடைய பணிச்சுமைக் கணக்கிலும் சேர்த்தால், இரண்டு வாரமாக அசைன்மென்ட் அனுப்பாத ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று அவரால் கேட்க முடியும். அதையும் மூன்றாவது, நான்காவது வாரத்துக்குள் செய்தாக வேண்டும். பத்தாவது வாரத்தில் கேட்டால், விட்டுப்போன ஆறு வாரத்தை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது.