பவளத் தொட்டியில் நைட்ரேட் எகிறுதா? ஜீரோவுக்கு ஆசைப்படாதீங்க!

உங்க கடல்நீர்த் தொட்டியில மீன்கள் ஜம்முனு நீந்துது. ஆனா, பளிச்னு இருந்த பவளம் மட்டும் பழுப்படிச்சுப்போச்சா? முதல்ல நைட்ரேட்டை டெஸ்ட் பண்ணுங்க.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். பெரும்பாலும் அதோடு சரி. நைட்ரேட் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு அது உரம். பாசி பெருகினால் பவளத்தின் நிறம் அமுங்கிவிடும்.

40 பி.பி.எம் இருந்தால், கால்வாசித் தண்ணீரை மாற்றினால் 30. அடுத்த வாரமும் மாற்றினால் 22.5. இது பேப்பர் கணக்குதான். நடுவுல தீனியை அள்ளிக் கொட்டினா பழைய கதைதான். ஊத்துற தண்ணியிலயே நைட்ரேட் இருந்தாலும் பலனில்லை. அதனால குழாய்த் தண்ணி வேண்டாம், ஆர்.ஓ-டி.ஐ தண்ணியில கடலுப்புக் கலவையைக் கரைங்க.

அதுக்காக ஜீரோவாக்கவும் கிளம்பிடாதீங்க. பவளத்துக்கும் கொஞ்சம் நைட்ரஜன் வேணும், இல்லைன்னா வெளிறிப்போகும். 2 முதல் 10 பி.பி.எம் வரை பலருக்கும் செட்டாகுது. வோட்காவைச் சொட்டுச் சொட்டா விட்டு, பாக்டீரியாவை வளர்த்து நைட்ரேட்டைக் குறைக்கிறவங்களும் இருக்காங்க (நிஜமாத்தான்!). அளவு தப்பினா தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சு மீனே போயிடும். புதுசா தொட்டி வெச்சவங்களுக்கு வாரம் ஒரு பக்கெட் தண்ணி மாத்துறதே போதும்.