கடலுக்குள் ஒலி செல்லும் வழி

பெங்களூரில் குடியேறிய நம்மவர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. அவ்வூரில் கடற்கரை இல்லை. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலம் அது. மெரீனாவில் காற்று வாங்கிப் பழகியவர் லால்பாக்கோடு நிறைவடைய வேண்டியதுதான். ஆயினும், கடலொலியை ஆராய்வோர்க்கு இன்றும் பயன்படும் ஒரு சிந்தனை 1935-ஆம் ஆண்டில் அவ்வூரில் எழுதப்பெற்றது. அதை எழுதிய இருவருள் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர்.

முதலில் கடலைப் பற்றிப் பேசுவோம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும்; கடல் நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஒளியோ, தெளிந்த கடலிலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. வானொலி அலையும் உப்பு நீருக்குள் நெடுந்தூரம் புகாது. வானொலியில் பேசும் நாமே இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது! ஆகவே ஆழ்கடலில் தொலைவிலிருந்து செய்தி அறிய ஒலியே துணை. திமிங்கிலங்கள் நமக்கு முன்பே இதைக் கைக்கொண்டுவிட்டன.

ஆனால் 1,500 என்னும் அந்த எண் எங்கும் ஒன்றுபோல் நிற்பதில்லை. நீர் சூடேறினால் ஒலி விரையும், குளிர்ந்தால் தளரும். ஆழம் மிகுந்தால் அழுத்தத்தால் மீண்டும் விரையும். வேறுபாடு நூற்றில் இரண்டு மூன்று பங்குதான்; எனினும் ஒலியின் வழியை வளைக்க அது போதும். நுகத்தில் பூட்டிய இரு காளைகளுள் ஒன்று தளர்ந்து நடந்தால் வண்டி எப்பக்கம் திரும்பும்? தளர்ந்த காளையின் பக்கமே. அலைகளும் அவ்வாறே வேகம் குறைந்த பக்கமாகத் திரும்புகின்றன. கோடையில் தார்ச்சாலையில் கானல் நீர் தோன்றுவதும் இவ்விதியால்தான்; அங்கே வளைவது ஒளி.

1930-களில் அமெரிக்கக் கடற்படையினர்க்கு ஒரு புதிர் எழுந்தது. காலையில் நீர்மூழ்கிக் கப்பலைத் தெளிவாகக் காட்டிய ஒலிக்கருவி பிற்பகலில் காட்ட மறுத்தது. கருவியருகே இருந்தவர்கள் உண்ட மயக்கத்தில் கவனம் தவறுகிறார்கள் என்றுகூட ஐயுற்றார்களாம். உண்மையில், வெயிலால் மேல்நீர் சூடேறவே ஒலி கீழ்நோக்கி வளைந்து, கப்பலைத் தொடாமல் ஆழத்துக்குப் போய்விட்டது.

இன்னும் கீழே இறங்கினால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. ஆழம் செல்லச் செல்லக் குளிரால் ஒலியின் வேகம் குறைகிறது. குளிர் ஒரு நிலையில் நின்றபின் அழுத்தத்தால் வேகம் கூடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. பல கடல்களில் அது ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் உள்ளது. நம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அதனினும் கீழே உள்ளது. அங்கே எழுந்த ஒலி மேலேறினாலும் கீழிறங்கினாலும் வளைந்து அவ்வடுக்குக்கே திரும்பும். கரை கட்டிய வாய்க்காலில் ஓடும் நீர்போலச் சிதறாமல் செல்லும். 1940-களில் அமெரிக்கரான மாரிஸ் யூயிங்கும் சோவியத் அறிஞர் பிரெகோவ்ஸ்கிக்கும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். 1960-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் வெடித்த குண்டுகளின் ஒலி, அட்லாண்டிக் கடலிலுள்ள பெர்முடாத் தீவில் கேட்டது. தொலைவு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். பிடித்த நேரம் சுமார் மூன்றே முக்கால் மணி.

இனிப் பெங்களூருக்குத் திரும்புவோம். 1933-இல் சர் சி. வி. ராமன் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக அங்கு வந்தார். மல்லேசுவரத்தை அடுத்துள்ள அவ்வளாகத்தை ஊரார் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே அழைப்பர். ராமனை ஒளியின் மேதை என்று மட்டும் நினைக்கிறோம்; மிருதங்கம், வீணை, வயலின் ஆகியவற்றின் ஒலியை ஆராய்ந்தவரும் அவரே.

1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஒரு சோதனை நிகழ்ந்தது. செவிக்கு எட்டாத விரைந்த அதிர்வுடைய ஒலியைத் திரவத்தில் எழுப்பி, அதன் குறுக்கே ஒளிக்கதிரைச் செலுத்தினர். கதிர் பல கோடுகளாகப் பிரிந்து விழுந்தது. ஏன் இத்தனை கோடுகள்? அதுவரை இருந்த விளக்கம் இதற்குப் போதவில்லை. ராமனும், இளைஞரான என். எஸ். நாகேந்திரநாத்தும் 1935, 1936 ஆண்டுகளில் இந்திய விஞ்ஞான அகாதமியின் வெளியீட்டில் தொடர் கட்டுரைகளாக விடை எழுதினர்.

அவ்விடையின் சாரம் எளிது. ஒலி செல்லும் திரவத்தில் நெருங்கிய பட்டைகளும் தளர்ந்த பட்டைகளும் மாறி மாறி அமைகின்றன. நெருங்கிய பட்டையைக் கடக்கும் ஒளி சற்றுப் பின்தங்குகிறது. தளர்ந்த பட்டையில் சற்று முந்துகிறது. சலவைத் துணிபோல மட்டமாக உள்ளே சென்ற ஒளியலை, கொசுவம் வைத்த சேலைபோல மடிப்புகளோடு வெளிவருகிறது. அம்மடிப்புகளே ஒளியைப் பல திசைகளில் பிரிக்கின்றன. ஒலியை வலுப்படுத்தினால் நடுக்கோடு மங்கி மறையவும் கூடும் என்று கணக்கு கூறிற்று. சோதனையும் அதற்கு இசைந்தது.

அவ்விருவரும் கடலைக் கருதி இதை எழுதவில்லை. அப்படிச் சொல்வது மிகையாகும். ஆனால் கடலுக்குள்ளும் சுழல்களும் உள்ளலைகளும் நீரை இடத்துக்கிடம் சிறிது மாற்றுகின்றன. அங்கே ஒளியின் இடத்தில் ஒலி நிற்கிறது. மட்டமாகப் புறப்பட்ட ஒலியலை மடிப்புற்று, ஒருகால் உரத்தும் ஒருகால் மெலிந்தும் கேட்கிறது. மெல்லிய அடுக்கொன்று அலையைச் சற்று முன்பின்னாக்கினால் போதும், அப்பால் அதன் வலிமையே மாறிவிடும் என்னும் அதே எண்ணம் கடலொலிக் கணக்குகளிலும் பயன்படுகிறது. டாடா இன்ஸ்டிட்யூட்டுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, கொச்சிக் கடற்படை ஆய்வுக்கூடம் வகுத்த சோனார் கருவிகளைக் கப்பல்களுக்குச் செய்து தந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லலாம்.

போருக்கு மட்டும் உரியதன்று இவ்வறிவு. 1979-இல் வால்ட்டர் மங்க், கார்ல் வுன்ஷ் ஆகிய இருவர், ஒலியைக் கொண்டே கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்றனர். ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் பதினொரு நிமிடம் ஆகும். குளிர்ந்த ஆழ்நீரில் அவ்வழியின் சராசரி வெப்பம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு கூடினால், ஒலி விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு முந்தி வரும். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் நம் உறவினர் அஞ்சும் புயல்களுக்கு வலிவூட்டுவது கடலின் வெப்பமே. ஆனால் ஒலி முந்தி வந்தது கடல் சூடேறியதாலா, வழியில் ஒரு சுழல் குறுக்கிட்டதாலா என்று பிரித்தறிந்த பின்னரே அவ்வளவை நம்பலாம். அதற்குத்தான் மடிப்புகளின் கணக்கு வேண்டியிருக்கிறது.