இரு நகரங்களும் ஒரு கடிகாரமும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் நாம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய் வந்தோம். (கொல்கத்தா, மும்பை என்றே இப்பொழுது வழங்கவேண்டும். பழைய பெயர்கள் நாவில் ஊறிவிட்டன, நேயர்கள் பொறுத்தருள்க.) ஒரு மாலை ஹூக்ளி நதிக்கரையில் நின்றிருந்தோம். சூரியன் மறைந்தது, கரையெங்கும் விளக்குகள் எரியத் தொடங்கின. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஐந்துதான்! நின்றுபோயிற்றோ என்று காதருகே வைத்துக் கேட்டோம். அது பிசகின்றி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாள் கழித்துப் பம்பாயில் வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து சன்னலைத் திறந்தால் ஒரே இருட்டு. அங்கே அம்மாதத்தில் சூரியோதயம் ஏழு மணிக்கு மேல்தான்.

காரணம் எளிது. இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறக்குறையப் பதினைந்தரைப் பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிஷமாகக் கணக்கிட்டால், கல்கத்தாவில் உதித்த சூரியன் பம்பாயை எட்ட 62 நிமிஷம் செல்லும். ஆயினும் இரண்டிடத்திலும் கடிகாரம் ஒன்றே.

முன்னாளில் அப்படியில்லை. ஒவ்வொரு நகரமும் தன் சூரியனையே நம்பியிருந்தது. ரயில்வேக்கள் மட்டும் நம் சென்னை நேரத்தைக் கைக்கொண்டிருந்தன. சென்னை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நுங்கம்பாக்கத்து வானிலாராய்ச்சிக் கூடமும் தந்தி மூலம் நேரம் அறிவித்து வந்தது. 1881இல் பம்பாய்க் கவர்னர் பெர்கூசன் சர்க்கார் அலுவலகங்களிலும் சென்னை நேரத்தைப் புகுத்தினார். வியாபாரிகள் இணங்கவில்லை. சர்வகலாசாலையின் இராஜபாய் கோபுரக் கடிகாரம் ஊர் நேரத்தைக் காட்டுமானால் அதற்கு இரவில் விளக்கேற்றப் பணம் தரமாட்டோம் என்று சர்க்கார் பிணங்கியதாம்! பிள்ளைகளின் சண்டைகளை நித்தம் தீர்த்துவைக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. இரண்டாண்டுக்குள் அந்த உத்தரவு மறைந்தது.

1906 ஜனவரி முதல் தேதி இந்தியா முழுமைக்கும் பொதுநேரம் வந்தது. பம்பாய்க் கடிகாரம் 39 நிமிஷம் முன்னே தள்ளப்பட்டது. படித்தவர்களுக்கு இது மான விஷயம். ஜனங்களைக் கேளாமல் செய்ததென்று நகரசபையில் சர் பிரோஸ்ஷா மேத்தா எதிர்த்தார். ஆலைத் தொழிலாளிக்கோ இது உறக்கத்தின் விஷயம். ஆலைச் சங்கு ஊதும் மணி எண்ணளவில் மாறவில்லை. சூரியன் கணக்கில் 39 நிமிஷம் முந்திவிட்டது. மார்கழிக் குளிரில், விடியுமுன்னே, எழுந்து நடக்கவேண்டியவன் அவன். தொழிலாளர் வேலைக்குச் செல்ல மறுத்துக் கிளர்ச்சி செய்தனர். பம்பாய் நேரம் 1955 வரையில் அந்நகரில் வழக்கிலிருந்தது.

கல்கத்தாவின் போக்கு வேறு. அன்று இராஜதானியாயிருந்ததே அந்நகரம்தான். பொதுநேரத்தைப் பிறருக்கு விதித்த அரசாங்கம் அங்கே வீற்றிருக்க, ஊர் தன் நேரத்தை 24 நிமிஷம் முந்தியே வைத்துக்கொண்டது. சுதந்திரம் வந்த பின், 1948இல்தான் அதை விட்டது.

இன்று எல்லோரும் ஒரே மணியைப் பார்க்கிறோம். அதன் செலவைக் கொடுப்பவர் மட்டும் எல்லோரும் அல்லர். ஜூன் மாதத்தில் கல்கத்தாவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுகிறான். அலுவலகம் திறக்கும்போது வெயில் முதிர்ந்துவிடுகிறது. குளிர்காலத்திலோ பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து பந்தை எடுப்பதற்குள் இருட்டிவிடுகிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் தந்திரமாய்த் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்துக்கொண்டன. பம்பாயிலே டிசம்பரில், காலைப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் அரைத்தூக்கத்தில் தெருவிளக்கின் கீழ் வண்டிக்குக் காத்து நிற்பதைக் கண்டோம். உபாத்தியாயராகிய நமக்கு மனம் சங்கடப்பட்டது.

இரு ஊராரும் இதற்கேற்பத் தம்மைப் பழக்கிக்கொண்டனர் என்றே நினைக்கிறோம். பம்பாய்வாசிக்கு மின்சார ரயில்தான் சூரியன்; எட்டு பதினேழு வண்டி என்பானேயன்றி எட்டேகால் என்று சொல்லமாட்டான். கல்கத்தாவாசியிடம் நிமிஷக்கணக்கு செல்லாது. சீக்கிரம் வந்த இரவை அவன் பேச்சால் நிரப்புகிறான். காலேஜ் தெருக் காப்பி மண்டபத்தில் ஒரு கோப்பையைச் சுற்றி நால்வர் அமர்ந்தால் எழுந்திருப்பதேது? ஊர் திரும்புமுன் பம்பாய் ஓவல் மைதானத்தில் மாலை ஆறு மணிக்குக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கல்கத்தாவில் அந்நேரம் விளக்கேற்றி ஒரு மணி ஆகியிருக்கும். இரண்டாவது கோப்பை வந்திருக்கும்.