உங்களுக்குத் தெரியுமா? பாதியில் விலகும் பயிற்சி அறுவை மருத்துவர்கள்

அமெரிக்காவில் எம்.டி. முடித்தவர் பொது அறுவை மருத்துவராக இன்னும் 5 ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். அதில் 100-க்கு 18 பேர் நடுவிலேயே விலகிவிடுகிறார்கள். ஏறத்தாழ 20,000 பயிற்சி மருத்துவர்களைப் பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து, 2017-இல் ‘ஜாமா சர்ஜரி’ இதழ் வெளியிட்ட கணக்கு இது.

● விலகுவோர் பெண்களில் 25%, ஆண்களில் 15%.

● கிட்டத்தட்ட பாதிப் பேர் முதல் ஆண்டு முடிந்ததுமே கிளம்பிவிடுகிறார்கள்.

● அதிகம் சொல்லப்படும் காரணம், தம் கட்டுப்பாட்டில் இல்லாத வாழ்க்கைமுறை. அடுத்தது, வேறு துறை மீதான விருப்பம்.

● விலகுவோர் எல்லாரும் கத்தியைக் கீழே வைப்பதில்லை. 20% பேர் வேறிடத்தில் அதே பயிற்சியைத் தொடர்கிறார்கள். 13% பேர் மயக்க மருந்துத் துறைக்கு மாறுகிறார்கள்.

● பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் சராசரியாக 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு, நாடு முழுவதும் 2003-இல்தான் வந்தது.

● 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்தப் பயிற்சிமுறையை வகுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவர் முறையில் பலர் சேர்வார்கள். தலைமைப் பயிற்சி மருத்துவர் ஆவது ஒருவர்தான். அன்று மற்றவர்கள் இடமில்லாமல் வெளியேறினார்கள். இன்று இடம் இருந்தும் பலர் தாமாகவே வெளியேறுகிறார்கள்.